5ஆம் எண் ஃப்ளை தடி: தடிக்கு மரியாதை, லைனுக்கு இல்லை

கல்முனை நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ட்ரவுட் என்கிற குளிர்நீர் மீனைப் பிடிப்பதற்கென்று விற்கிற 9 அடி, 5ஆம் எண் ஃப்ளை தடி, றீல், லைன் மூன்றும் சேர்ந்த செட்டின் விலை இறங்கியிருக்கிறதாம். நம் பக்கத்துக் குளங்களுக்கும் வாவிக்கும் சரிவருமா? அதே செட்டைத்தான் கனகாலமாகப் பாவிக்கிறேன். நீளம், துண்டு, நிறை எல்லாம் பெட்டியிலேயே இருக்கிறது. பெட்டியில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: அந்த லைன் மட்டக்களப்பு வெயிலில் என்ன ஆகிறது என்பது.

சாதாரணத் தூண்டிலில் ஈயமோ இரையோ தன் பாரத்தால் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். இதில் மறுபக்கம். கொக்கியில் இறகும் நூலும் கட்டிய போலிப் பூச்சிக்கு நிறையே கிடையாது. லைனின் நிறைதான் தடியை வளைத்துப் பூச்சியைக் கொண்டுபோய் விடுகிறது. 5ஆம் எண் என்றால் லைனின் முதல் 30 அடி 140 கிறெய்ன், அதாவது ஏறத்தாழ 9 கிராம். ஆகவே லைன் கெட்டால் எல்லாம் கெட்டது. தடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்கு வேலை இல்லை.

செட்டோடு வருவது குளிர்நீர் லைன். உள்ளே பின்னிய நைலோன் நூல், வெளியே மென்மையான பீவீசீ பூச்சு. ட்ரவுட் இருக்கிற ஓடைகளில் தண்ணீர் 20 பாகை செல்சியசுக்குக் கீழே. அந்தக் குளிரிலும் விறைக்காமல் இருக்கத்தான் பூச்சை இவ்வளவு இளக்கமாகச் செய்கிறார்கள். அதே லைனை உன்னிச்சைக் குளக்கட்டில் காலை பத்து மணிக்குக் கையில் எடுத்துப் பாருங்கள். தொய்ந்து, பிசுபிசுத்து, தடியின் வளையங்களுக்கு இடையே தொங்கும். விரலில் ஒட்டும். வீசும்போது கடைசி இருபது அடி வளையத்தில் உரசியே நின்றுவிடும். கச்சான் வீசுகிற மாதங்களில் இன்னும் மோசம். அந்தக் காற்றே சூடு, தடியும் லைனும் கையும் சேர்ந்து காயும்.

எரிச்சல் லைன் மீது அல்ல, அதை விற்கிற விதத்தின் மீது. குளிர்நீருக்குச் செய்ததை "எல்லா நீருக்கும்" என்று அச்சிட்டு வெப்ப நாட்டுக்கு அனுப்புவது சரியில்லை. வெப்பநாட்டு லைன் என்று தனியாகவே உண்டு. உள்ளே ஒற்றை நைலோன், மேலே கடினப் பூச்சு. அதை மலைக்குக் கொண்டுபோனால் சுருள் சுருளாக விறைத்து நிற்கும் என்பதும் உண்மை. இரண்டு இடத்துக்கும் ஒரே லைன் என்பது நடக்காது.

இருக்கிற லைனோடுதான் சமாளிக்க வேண்டும் என்றால், விடியற்காலையில் தொடங்கி எட்டு மணிக்குள் முடியுங்கள், அல்லது வெயில் சாய்ந்த பிறகு போங்கள். காலடியில் ஒரு வாளி, அதில் பாதித் தண்ணீர். இழுத்த லைன் மண்ணில் விழாமல் அதற்குள் விழட்டும். நனைந்த லைன் வளையத்தில் வழுக்கும், வெயிலில் காய்ந்தது ஒட்டும். மோட்டார் சைக்கிள் இருக்கையிலோ பூட்டிய வாகனத்துக்குள்ளோ றீலை விட்டால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; பிரிக்கும்போது பூச்சு உரியும்.

கொசு விரட்டி விடயத்தில் கவனம். டீட் கலந்த விரட்டி பீவீசீயைக் கரைக்கும். பூசிய கையால் லைனைப் பிடித்தால் பிசுபிசுப்பு நிரந்தரமாகிவிடும். புறங்கையால் பூசுங்கள், உள்ளங்கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத் தடியைத் தொடுங்கள். பெற்றோல் பட்ட கைக்கும் இதே கதைதான்.

அடுத்துக் கெடுவது நுனியில் வார்த்துவரும் கண்ணி. வெயிலில் இளகி, அதன் கழுத்தில் பூச்சு வெடிக்கும். வெடிப்பு வழியாக உள்நூல் தண்ணீரை உறிஞ்ச, மிதக்க வேண்டிய நுனி அமிழத் தொடங்கும். அமிழ்கிறது என்று கண்டால் கண்ணியை வெட்டிவிட்டு, 0.45 மி.மீ. தங்கூசியை ஆணி முடிச்சாகப் போடுங்கள். மை தீர்ந்த பேனாவின் மெல்லிய குழாயை லைன் நுனியோடு சேர்த்துப் பிடித்து, தங்கூசியை ஐந்தாறு சுற்றுச் சுற்றி, முனையைக் குழாய்க்குள்ளால் விட்டு, குழாயை உருவி, எச்சில் நனைத்து மெதுவாக இறுக்க வேண்டும். மேலே வளையக்கூடிய றப்பர்ப் பசை. விறைப்பாகக் காய்கிற உடனடிப் பசை அந்த இடத்திலேயே லைனை முறித்துவிடும்.

லைனுக்கும் பூச்சிக்கும் இடையில் கட்டுகிற தங்கூசித் துண்டான லீடரைக் கடையில் வாங்கத் தேவையில்லை. 0.45இல் மூன்றரை அடி, 0.40இல் ஒன்றரை, 0.35இலும் 0.30இலும் ஒவ்வோர் அடி, 0.25இல் அரை அடி, நுனியில் 0.20 ஒன்றரை அடி. மொத்தம் 9 அடி. தடிப்புப் படிப்படியாகக் குறைந்தால்தான் பூச்சி நேராகப் போய் விழும். ஒரே தடிப்புத் தங்கூசி போட்டால் குவியலாக விழும்.

தடியைப் பற்றிக் குறை சொல்ல ஆள் இல்லை. உள்ளங்கை அளவுத் திலாப்பியா கடித்தாலே கைப்பிடிவரை வளைந்து சொல்லும். 12ஆம் எண் கொக்கியில் நாட்டுச் சேவலின் கழுத்து இறகைச் சுற்றி, பச்சையோ மண்நிறமோ நூலில் உடல் கட்டி, மெதுவாக, ஒரு சாண் ஒரு சாணாக இழுத்தால் போதும். திலாப்பியாவின் கடி லேசானது. லீடர் நுனி கொஞ்சம் அசைந்தாலே தூக்க வேண்டும். இந்தத் தடி அந்த அசைவைக் கைக்குக் கொண்டுவருகிறது. இந்த விலையில் இதை எதிர்பார்க்கவே முடியாது.

விராலுக்கு இதை நம்ப வேண்டாம். செருப்பு றப்பரில் வெட்டிய தவளை காற்றில் பாரமாக இழுக்கும், 5ஆம் எண் அதைத் திருப்பாது. கொழுவினாலும் ஆற்றுவாழைக்குள் ஓடுகிற விராலை நிறுத்த இந்தத் தடிக்கு வலு காணாது. விராலுக்கும் வாவிக் கொடுவாவுக்கும் 8ஆம் எண் வேண்டும்.

வாவியில் பாவித்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள், றீலின் சுருளைக் கழற்றி உள்ளேயும். உவர் காய்ந்தால் உள்ளே இருக்கிற சின்ன வில்லுத்தான் முதலில் துருப்பிடிக்கும். தடியின் பொருத்துகளில் மெழுகுதிரி தேய்த்துப் போடுங்கள். வீச வீசத் தளரும், தளர்ந்த பொருத்தில்தான் தடி வெடிக்கும். மீனைக் கரை சேர்க்கும்போது தடியைத் தலைக்குப் பின்னால் சாய்க்காதீர்கள், நுனி போய்விடும். காற்று வலப்பக்கத்தால் வந்தால் வலக்கைக்காரரின் காதுக்கே கொக்கி வரும். இடத்தை மாற்றுங்கள், தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் வீச வேண்டாம். காபன் தடி மின்சாரம் கடத்தும். மின்கம்பிக்குக் கீழேயும் இடி முழங்கும் பின்னேரத்திலும் அதைத் தூக்கவே கூடாது. ட்ரவுட்காரர் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற படங்களைப் பார்த்து வாவிக்குள் இறங்காதீர்கள், முதலை இருக்கிறது.

இதே லைன் மலைக்குளிரில் எப்படி என்றால், அருமை. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் ஆங்கிலேயர் காலத்தில் விட்ட வானவில் ட்ரவுட் இருக்கிற குளிர்நீருக்கே செய்தது போல, ஒரு சுருள் இல்லாமல் நீளும், சத்தமில்லாமல் நீரில் படியும். அங்கே வீசுவதற்கு முன் அனுமதி விதிகளை விசாரிக்க வேண்டும், அது வேறு விடயம். நல்ல லைன்தான், தப்பான ஊருக்கு விற்கப்பட்ட லைன். அது தெரிந்தும் கோபம் குறையவில்லை, கூடுகிறது.

ஆகவே நண்பருக்குப் பதில்: விலை இறங்கியிருந்தாலும் செட்டாக வாங்க வேண்டாம். வெப்பநாட்டு லைனைத் தனியாக எடுத்தால் இறங்கிய விலையும் அதில் போய்விடும். தடியை மட்டும் பிரித்துத் தருவார்களா என்று கேளுங்கள். தந்தால் எனக்கும் ஒன்று எடுத்து வையுங்கள்.