குடிமகளைக் கல்யாணம் செய்தாயிற்று, ரசீதும் வந்தாயிற்று என்று ஊருக்கு விமானம் ஏறிவிடாதீர்கள்

அமெரிக்கக் குடியுரிமை உள்ளவரைக் கல்யாணம் செய்துகொண்டால், விசா முடிந்த பிறகும் தங்கியதெல்லாம் மன்னிக்கப்பட்டுவிடும் என்று நியூஜெர்சியில் நம் ஆட்கள் நடத்தும் சில கன்சல்டன்சிகளில் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை ஒருவர் எங்களுக்குச் சொல்லாமல் மறைத்ததால் என் கணவர் இன்று திருவாரூரில் இருக்கிறார், நான் எடிசனில் இருக்கிறேன்.

முதலில் சட்டம் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன். விசாவோடு வந்து, அதிகாரி முன்னால் நின்று முறையாக நுழைந்தவர், ஐ-94 என்ற நுழைவுப் பதிவில் தங்க அனுமதித்த தேதியைத் தாண்டித் தங்கிவிட்டாலும், அமெரிக்கக் குடிமகனையோ குடிமகளையோ உண்மையாக மணந்தால், நாட்டை விட்டுப் போகாமலேயே கிரீன் கார்டு கேட்கலாம். உறவை நிரூபிக்கக் குடிமகள் போடும் ஐ-130, கிரீன் கார்டுக்குக் கணவர் போடும் ஐ-485 இரண்டையும் சேர்த்தே போடலாம். தேதி தாண்டித் தங்கியதையும், அனுமதி இல்லாமல் வேலை செய்ததையும் அந்த உறவுக்காகச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. ஆனால் இதெல்லாம் நாட்டுக்குள் இருக்கும் வரைதான். 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாகத் தங்கியவர் முன்கூட்டிய பயண அனுமதி இல்லாமல் வெளியே கால் வைத்தால் 3 ஆண்டுத் தடை. ஒரு வருடமோ அதற்கு மேலோ தங்கியிருந்தால் 10 ஆண்டுத் தடை. 1996-இல் கொண்டுவந்த சட்டம் இது. உள்ளே இருக்கும்வரை அந்தத் தடை தூங்கிக்கொண்டிருக்கும். வெளியேறும் அந்த நிமிடத்தில்தான் விழித்துக்கொள்ளும். கல்யாணம் ஆனதாலோ, மனு நிலுவையில் இருப்பதாலோ அது தானாக விலகாது.

கிரீன் கார்டு வைத்திருப்பவரை மணந்தவர்களுக்கு இந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது. குடியுரிமை பெற்றவரின் கணவன் அல்லது மனைவிக்குத்தான். மெக்சிகோ எல்லை வழியாகத் திருட்டுத்தனமாக வந்தவர்களுக்கும், கப்பல் ஊழியர் விசாவில் வந்து இறங்கிவிட்டவர்களுக்கும் இந்த வழி அடைபட்டிருக்கிறது. நம் ஊர்ப் பையன்கள் பலர் கப்பல் வேலையில் இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். அவர்களிடமும் ‘கல்யாணம் போதும்’ என்று சொல்லிப் பணம் வாங்குகிறார்கள்.

இனி எங்கள் கதை. அவர் 2019 கடைசியில் பி-2 விசிட்டர் விசாவில் அக்கா வீட்டுக்கு வந்தவர். ஆறு மாதம் கொடுத்திருந்தார்கள். அதற்குள் கொரோனா வந்து விமானங்கள் நின்றன, ஊரில் இருந்த வேலையும் போயிற்று, அப்படியே தங்கிவிட்டார். நாங்கள் பழகி, இரண்டு வீட்டுச் சம்மதத்தோடு 2023-இல் பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டோம். நான் இந்த நாட்டுக் குடிமகள். எங்களிடம் மறைக்க ஒன்றுமே இல்லை. ஒரே வீட்டு வாடகை ஒப்பந்தம், சேர்ந்து வைத்த வங்கிக் கணக்கு, கல்யாணப் படங்கள், என் அம்மாவோடு எடுத்த பொங்கல் படங்கள் எல்லாம் இருந்தன.

ஓக் ட்ரீ ரோட்டில் மாடியில் ஓர் அலுவலகம். டாக்ஸ் ஃபைலிங், பாஸ்போர்ட் புதுப்பித்தல், நோட்டரி, இமிக்ரேஷன் என்று பலகை. நடத்துபவர் தமிழர். என்னைத் ‘தங்கச்சி’ என்றார், அவரை ‘மாப்பிள்ளை’ என்றார். சுவரில் நோட்டரி சான்றிதழ் மாட்டியிருந்தது. ஊரில் நோட்டரி என்றால் முத்திரை குத்தும் வழக்கறிஞர். இங்கே அப்படி இல்லை. கட்டணம் கட்டிச் சின்ன நடைமுறைகளை முடித்தால் மளிகைக் கடைக்காரரும் நோட்டரி ஆகலாம். கையெழுத்துக்குச் சாட்சி சொல்வது போன்ற சின்ன வேலைகள் தவிர அவருக்கு எந்தச் சட்ட அதிகாரமும் கிடையாது. இந்த வித்தியாசத்தின் மேல்தான் இவர்களுடைய வியாபாரமே நிற்கிறது. புதிதாக வந்த குடும்பங்கள் அந்தச் சான்றிதழைப் பார்த்ததும் வக்கீல் என்றே எண்ணிவிடுகிறார்கள், அவரும் திருத்துவதில்லை.

2024 கோடையில் மனு போட்டார். அரசாங்கக் கட்டணம் ஐ-130-க்கு 675 டாலர், ஐ-485-க்கு 1,440, வேலை அனுமதிக்கு 260. அதற்கு மேல் அவருடைய ‘சர்வீஸ்’ தொகை ஒரு நல்ல வக்கீல் கேட்பதைவிடக் குறைவே இல்லை. படிவத்தின் கடைசிப் பக்கங்களை மட்டும் எடுத்து நீட்டிக் கையெழுத்து வாங்கினார். தயாரித்தவர் கையெழுத்திட வேண்டிய பகுதி ஒன்று ஒவ்வொரு படிவத்திலும் இருக்கிறது; அதை வெறுமையாக விட்டார். வக்கீல் என்றால் ஜி-28 என்ற படிவம் போட்டுத் தன் பெயரைப் பதிவு செய்திருப்பார், அதுவும் இல்லை. அரசாங்கத்தின் கண்ணில் இந்த மனுவை நாங்களே உட்கார்ந்து எழுதியது போலத்தான் தெரியும். கடிதங்கள் வந்து சேரும் முகவரியாக மட்டும் தன் அலுவலகத்தைக் கொடுத்திருந்தார்.

2025 தொடக்கத்தில் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒரே மகன். என் கணவர் அந்த இரவு முழுக்க உட்காரவே இல்லை. விடிந்ததும் அந்த அலுவலகத்துக்குத்தான் போனோம். “தாராளமா போயிட்டு வரட்டும்மா. ஃபைல் பெண்டிங்ல இருக்கு, ரசீது கையில இருக்கு. பாஸ்போர்ட்ல பத்து வருஷ விசா இன்னும் முடியலையே, அப்புறம் என்ன?” என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, ரசீதின் நகலில் தன் முத்திரையைக் குத்தி, விமான நிலையத்தில் காட்டச் சொல்லிக் கொடுத்தார். அதற்குத் தனியாகப் பணமும் வாங்கினார்.

அவர் சொன்ன மூன்றுமே பொய். ஐ-485 நிலுவையில் இருக்கும்போது அட்வான்ஸ் பரோல் என்ற பயண அனுமதி இல்லாமல் இவரைப் போன்றவர் வெளியேறினால், மனுவைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். பத்து வருட விசிட்டர் விசா, தேதி தாண்டித் தங்கிய அன்றே சட்டப்படி செல்லாததாகிவிட்டது; பாஸ்போர்ட்டில் அச்சிட்ட தேதிக்கு மதிப்பு இல்லை. ரசீது ரசீது மட்டுமே.

மாமா பிழைத்துக்கொண்டார். அந்த ஆள் சொன்னதை நம்பி ஊருக்குப் போன என் கணவர், அபுதாபி வழியாகத் திரும்பினார். அபுதாபியில் அமெரிக்கக் குடிவரவுச் சோதனையை அங்கேயே, விமானம் ஏறும் முன்பே முடித்துவிடுவார்கள். முத்திரை குத்திய அந்த ரசீது நகலை இவர் நீட்ட, அதிகாரி கணினியில் பார்த்துவிட்டு விசாவில் ரத்து என்று அடித்துச் சென்னைக்கே திருப்பி அனுப்பினார். அங்கிருந்து எனக்குப் போன் செய்தபோது அவருக்குப் பேச்சே வரவில்லை. நான் கன்சல்டன்ட்டுக்கு அழைத்தேன். ‘அதிகாரியோட மூடு சரியில்ல போல’ என்றார். அடுத்த வாரத்திலிருந்து என் அழைப்பை எடுப்பதில்லை.

பிறகுதான் சரியான ஒரு குடிவரவு வக்கீலிடம் போனோம். அவர் முதல் வேலையாக அரசாங்கத்திடமிருந்து எங்கள் கோப்பின் முழு நகலையும் கேட்டு வாங்கினார். வந்ததைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. விசா நிபந்தனையை எப்போதாவது மீறியதுண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று குறித்திருந்தார்கள். நாங்கள் மறைக்கச் சொல்லவில்லை, மறைக்கவும் தேவையில்லை. குடிமகளின் கணவருக்கு மன்னிக்கப்படும் விஷயம் அது. எதற்காகப் பொய் எழுதினார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. இப்போது அந்தப் பொய்க்கும் சேர்த்து விளக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. அதே அலுவலகத்தில், பேச்சோடு பேச்சாக, ‘உங்களுக்குத் தெரிஞ்ச பசங்க யாராவது விசா முடிஞ்சு கஷ்டப்பட்டா அனுப்புங்க, சிட்டிசன் பொண்ணு ஏற்பாடு பண்ணித் தரலாம்’ என்றார். கேட்டதும் எனக்கு உடம்பு கூசியது. பணத்துக்குச் செய்யும் காகிதக் கல்யாணத்துக்கு 5 ஆண்டு வரை சிறை, 250,000 டாலர் வரை அபராதம். அதைவிடக் கொடுமை, அப்படி ஒரு முறை முடிவானால் பிறகு உண்மையாகவே ஒரு குடிமகளை மணந்து குழந்தை பெற்றாலும், அவருக்காக யார் போடும் குடும்ப மனுவும் ஆயுள் முழுக்க ஏற்கப்படாது. பணம் வாங்கியவர் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடுவார். மாட்டுவது இருபத்தைந்து வயதுப் பையனும், அவன் அனுப்பும் பணத்தை நம்பி ஊரில் இருக்கும் வீடும்.

என்னுடைய ஐ-130 மனு உயிரோடு இருக்கிறது. அது முடிந்ததும் மும்பையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். அங்கே 10 ஆண்டுத் தடையைச் சொல்லி மறுப்பார்கள், அதன் பிறகு ஐ-601 என்ற விலக்கு மனு, கட்டணம் 1,050 டாலர். அதில் நிரூபிக்க வேண்டியது அவருடைய கஷ்டத்தை அல்ல, குடிமகளான என்னுடைய கஷ்டத்தை, அதுவும் சாதாரணப் பிரிவுத் துயரத்தைவிட அதிகமானது என்று. என் அம்மாவின் டயாலிசிஸ் கணக்கு, என் சம்பளச் சீட்டு, மனநல ஆலோசகரின் கடிதம் என்று என் வாழ்க்கையைக் காகிதமாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். கிடைக்கலாம் என்கிறார் வக்கீல். எப்போது என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

அந்த ஆள் மீது மாநில நுகர்வோர் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். வக்கீல் இல்லாதவர் சட்ட ஆலோசனை சொல்வது நியூஜெர்சியில் குற்றம். அவரிடம் ஏமாந்தவர்கள் வேறு யாரும் இருந்தால், விசா இல்லையே என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். நல்ல வக்கீல் ஒருவரை வைத்துப் பேசுங்கள். யாரிடம் போனாலும் அவர் எந்த மாநிலத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்திருக்கிறார் என்று கேளுங்கள். குடிவரவு மத்தியச் சட்டம் என்பதால் எந்த மாநிலப் பதிவும் செல்லும், அந்த மாநில பார் அமைப்பின் அல்லது நீதிமன்றத்தின் தளத்தில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால், மத்திய அரசின் நீதித் துறை (Department of Justice) அங்கீகரித்த தொண்டு நிறுவனங்களில் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலும் பொதுவில் இருக்கிறது. 2025 பிப்ரவரி 28 முதல், மனு மறுக்கப்பட்டு, சட்டப்படி இங்கே தங்க வேறு அனுமதி எதுவும் இல்லையென்றால், நாடுகடத்தும் வழக்குக்காகக் குடிவரவு நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி நோட்டீஸ் அனுப்புவதை வழக்கமாக்கியிருக்கிறார்கள். தப்பும் தவறுமாக எழுதிப் போட்டுவிட்டு, மறுத்தால் மறுபடி போடலாம் என்ற காலம் இல்லை இது.

ஊரிலிருந்து அப்படி ஒரு போன் வந்தால், டிக்கெட் போடும் முன் பரோல் கையில் வந்துவிட்டதா என்று பாருங்கள். மனு போட்டிருப்பது போதாது, அனுமதி கையில் இருக்க வேண்டும். அதுவும் இன்றைய நிலையில் பரோலோடு போவதற்கும் வக்கீலைக் கேட்டே முடிவெடுங்கள், திரும்பி வரும்போது உள்ளே விடுவது அதிகாரியின் விருப்பம். பெற்றோர் உயிருக்குப் போராடும் நிலை என்றால், ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு உள்ளூர் குடிவரவு அலுவலகத்தில் அவசரப் பரோல் கேட்க ஒரு வழி இருக்கிறது. எங்களுக்கு அது நூவார்க் அலுவலகம், வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான். மாமாவின் ஸ்கேன் ரிப்போர்ட் அன்று காலையிலேயே வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. அதை அந்த ஆளிடம் காட்டினோம், பார்த்துவிட்டுத்தான் ரசீதில் முத்திரை குத்தினார்.