1980 என்று போட்டிருக்கிறது, டியானோ இல்லை

போன மாதம் சீடி பிளேயருக்கு லென்ஸ் மாற்றினேன். ஹட்டனில் ரிப்பேர் பார்க்கிற அண்ணன் வேலை முடிந்ததும், "ஏதாவது போட்டுப் பாருங்க தம்பி" என்றார். பையில் இருந்தது அயர்ன் மெய்டன் என்ற இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழுவின் பழைய பாட்டுகளைத் தொகுத்த 'சம்வேர் பேக் இன் டைம்'. தொடக்கத்தில் வரும் சர்ச்சிலின் பேச்சு முடிந்து 'ஏசஸ் ஹை' பாய்ந்ததும், வெளியே நின்ற ஆட்டோக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். லென்ஸ் சரி. அதே வாரம் எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன், "அண்ணே, மெய்டன் கேட்க ஆரம்பிக்கணும்னா இந்த சீடியை வாங்கலாமா?" என்று கேட்டான். ஒரு வரியில் அவனுக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

இந்த ஆல்பம் 2008இல் வந்தது. அடுத்த வருடமே வாங்கிவிட்டேன். அன்றிலிருந்து ஒரே ஒரு விஷயம் மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. அட்டையில் 1980 முதல் 1989 வரை என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் உள்ளே இருப்பதிலேயே பழைய ஒலிப்பதிவு 1982இல் வந்த 'தி நம்பர் ஆஃப் த பீஸ்ட்' ஆல்பத்தினுடையது. 1980இலும் 1981இலும் வந்த முதல் இரண்டு ஆல்பங்களில் பாடியவர் போல் டியானோ. அந்தக் காலத்துப் பாட்டுகள் மூன்று இதில் இருக்கின்றன: 'ஃபேன்டம் ஆஃப் தி ஓபரா', 'ராத்சைல்ட்', 'அயர்ன் மெய்டன்'. மூன்றுமே 1985இல் வந்த 'லைவ் ஆஃப்டர் டெத்' மேடைப் பதிவிலிருந்து எடுத்தவை. மூன்றிலும் பாடுவது டியானோவுக்கு அடுத்து வந்த பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன்.

பெரியம்மா மகன் கொழும்பில் கடையில் வேலை செய்த காலத்தில் ஒரு கசெட் கொண்டுவந்தார். லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து டியானோ குரலில் 'ராத்சைல்ட்' கேட்டது அப்போதுதான். ஹாரிஸின் பேஸ் கிட்டார் முதலில் உறுமும், அப்புறம் அந்தக் குரல் வந்து சட்டைக் காலரைப் பிடிக்கும். சங்கீதம் படித்தவன் குரல் இல்லை, தெருமுனையில் சண்டைக்கு நிற்கிறவன் குரல். அதைத் தேடித்தான் இந்த சீடியை வாங்கினேன். பதினோராவது பாட்டு வந்தபோது, ஆயிரக்கணக்கானவர்களின் கூச்சலுக்கு நடுவே வேறொருவர் பாடிக்கொண்டிருந்தார்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். டிக்கின்சன் அந்தப் பாட்டுகளைக் கெடுக்கவில்லை. 'ஃபேன்டம்' பாட்டில் அவர் குரல் ஏறுகிற உயரத்துக்கு டியானோ போனதே இல்லை. இந்தத் தொகுப்பு வந்த 2008இல் எண்பதுகளின் பாட்டுகளோடு உலகம் சுற்றினார்கள், போயிங் 757ஐ ஓட்டியவரே டிக்கின்சன்தான். மேடையில் பார்க்கப்போகிறவர்களுக்கு அவர் குரலில் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அதற்கு அட்டையில் 1982 என்று போட்டிருக்கலாமே. முதல் பாடகர் ஒரு நொடிகூட இல்லாத தொகுப்பில் அவருடைய வருடங்கள் மட்டும் எதற்கு?

மற்றபடி பாட்டுத் தேர்வில் எனக்குக் குறையே இல்லை. 'வேஸ்டட் இயர்ஸ்' ஒன்றுக்காகவே இந்த சீடியைப் போனில் ஏற்றி வைத்திருக்கிறேன். கொட்டகலையிலிருந்து ஹட்டனுக்கு ரயிலில் வரும்போது சிங்கமலைச் சுரங்கம் வரும், அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளம். பெட்டி இருட்டாகி, டீசல் புகை ஜன்னல் வழியாக உள்ளே வரும் நேரத்தில் ஏட்ரியன் ஸ்மித்தின் அந்தத் தொடக்கக் கிட்டாரைப் போட்டு விடுவேன். சுரங்கம் முடிந்து வெளிச்சம் கண்ணில் அடிக்கும்போது பாட்டு உச்சத்தில் இருக்கும். எத்தனையோ தடவை கேட்டாகிவிட்டது, இன்னும் மயிர்க்கூச்செறிகிறது.

'ஹாலோட் பி தை நேம்' வேறு மாதிரி. மெல்லிய மணியோசையோடு, தூக்குக்குப் போகிறவன் தாழ்ந்த குரலில் தொடங்குவான். ஜூன், ஜூலையில் எங்கள் தகரக் கூரையில் மழை கொட்டும்போது அந்த மணி கேட்கவே கேட்காது. ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்பேன். கிட்டார்கள் சேர்ந்து எழும்போது மழையே அடங்கிப்போன மாதிரி இருக்கும்.

2024 ஒக்டோபரில் டியானோ 66 வயதில் இறந்துபோனார். அன்று இரவு அவர் நினைவாக ஏதாவது கேட்க வேண்டும் என்று அலமாரியில் கை வைத்தேன். என்னிடம் இருந்த ஒரே மெய்டன் சீடி இதுதான். போட்டேன். பதினைந்து தடங்களும் ஓடி முடிந்தன. அவர் இல்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அதனால் தம்பி, இதை வாங்காதே. முதல் இரண்டு ஆல்பங்களையும் தேடிக் கேள், அப்புறம் 1982இலிருந்து வரிசையாகப் போ. பெரியம்மா வீட்டில் அந்தப் பழைய கசெட் இன்னும் கிடக்கிறதா என்று கேட்டிருக்கிறேன். கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, 'ராத்சைல்ட்' போட்டுக் காட்டுகிறேன்.