லேசரா, சோலோவா, எண்டர்பிரைஸா: சின்ன கிளப்புக்கு எந்தப் படகு?

இங்கிலாந்தில் கடலே கண்ணில் படாத ஊர்களுக்குப் பக்கத்தில்கூட ஒரு செய்லிங் கிளப் இருக்கும். குடிநீர்த் தேக்கமோ, சரளைக்கல் தோண்டியெடுத்த பள்ளத்தில் நிரம்பிய ஏரியோ போதும். கரையில் ஒரு சின்னக் கட்டடம், படகுகள் நிறுத்தப் புல்வெளி, தேநீர் போட ஒரு சமையலறை. யாட் கிளப் என்றதும் நம்மவர்களுக்குத் தோன்றும் வெள்ளைக் கால்சட்டையும் ஷாம்பெயினும் இங்கே கிடையாது. ஞாயிறு காலையில் பத்துப் பதினைந்து பேர், போன வாரத்து ஈரம் காயாத வெட்சூட்டை (குளிர் தாங்கும் ரப்பர் உடை) இழுத்து மாட்டிக்கொண்டு, காற்று வருமா வராதா என்று மரக்கிளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படி ஒரு கிளப்பில் சேர்ந்து, பாய்மரப் படகோட்டத்துக்கான பிரிட்டிஷ் அமைப்பான ஆர்.ஒய்.ஏ.வின் பயிற்சியில் முதல் இரண்டு நிலைகளை முடித்தவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, சொந்தமாக ஒரு டிங்கி. அதாவது ஒருவரோ இருவரோ ஓட்டும் சிறு பாய்மரப் படகு. எதை வாங்குவது என்று கேட்டால் இணையம் முழுக்க வேகத்தையும் எடையையும் பாயின் பரப்பையும் ஒப்பிட்டுச் சொல்வார்கள். அதெல்லாம் பெரிய போட்டிகளுக்குப் போகிறவர்களுக்கு. சின்ன கிளப்பில் பார்க்க வேண்டியது, அங்கே அந்தப் படகு ஏற்கெனவே எத்தனை இருக்கிறது, அதை ஓட்டுகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதைத்தான். ஏன் என்று புரிய, முதலில் போட்டியின் கணக்கைப் பார்த்துவிடலாம்.

கடிகாரம் சொல்லும் வெற்றி

சின்ன கிளப்பில் பல வகைப் படகுகள் ஒன்றாகத்தான் கிளம்பும். வேகமான படகு முதலில் வந்துவிடும் என்பதால் நேரத்தைச் சரிக்கட்ட போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக் என்ற முறை இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில் போர்ட்ஸ்மத் பக்கத்தில் லாங்ஸ்டன் கிளப்பின் செயலாளராக இருந்த மில்லெட்ஜ் என்பவர் ஆரம்பித்து வைத்தது. ஒவ்வொரு படகு வகைக்கும் ஓர் எண் உண்டு. எண் சிறியதாக இருந்தால் வேகமான படகு. கிளப்புகள் அனுப்பும் முடிவுகளை வைத்து ஆர்.ஒய்.ஏ. அந்த எண்களை அவ்வப்போது திருத்தி வெளியிடும். நீங்கள் எடுத்துக்கொண்ட நேரத்தை 1000 ஆல் பெருக்கி உங்கள் படகின் எண்ணால் வகுத்தால் திருத்திய நேரம் கிடைக்கும்.

உதாரணத்துக்கு ஏரோ 7 என்ற புதிய, லேசான படகின் எண் 1065, லேசருக்கு 1100, சோலோவுக்கு 1140 என்று சுமாராக வைத்துக்கொள்வோம். ஏரோ 43 நிமிடத்தில் முடிக்கிறது. லேசர் 44. சோலோ ஆடி அசைந்து 45 நிமிடம் 30 வினாடியில் வருகிறது. கணக்குப் போட்டால் சோலோவுக்கு 39 நிமிடம் 55 வினாடி, லேசருக்குச் சரியாக 40, ஏரோவுக்கு 40 நிமிடம் 22 வினாடி. முதலில் வந்தவருக்கு மூன்றாவது இடம். ஆகவே வேகமான படகுக்குக் கூடுதல் காசு கொடுத்தால் கிடைப்பது கரைக்குச் சீக்கிரம் வந்து சேரும் வசதி மட்டும்தான். அதுவும் சில சமயம் நல்லதுதான், தேநீர் வரிசையில் முதலில் நிற்கலாம்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. அந்த எண் ஒரு சராசரி. காற்று பலமாக அடிக்கும் நாளில் ஏரோ போன்ற லேசான படகுகள் தண்ணீரை விட்டு எழும்பிச் சறுக்கும்; அன்றைக்கு அவற்றின் எண் அவற்றுக்குச் சாதகம். காற்றே இல்லாத நாளில் கதை வேறு. அதனால் தோற்றவர் எல்லோருக்கும் சொல்ல ஒரு காரணம் தயாராக இருக்கும். ஒரே வகைப் படகுகள் ஐந்தாறு சேர்ந்து தங்களுக்குள் போட்டி போட்டால் அந்தச் சாக்கு செல்லாது. பக்கத்தில் இருப்பவரின் படகும் உங்களுடையதும் ஒன்றேதான். அவர் முன்னால் போகிறார் என்றால் அவர் நன்றாக ஓட்டுகிறார். சுவாரசியம் அங்கேதான் தொடங்குகிறது.

லேசர்

இப்போது அதிகாரப்பூர்வப் பெயர் இல்கா. 2019ல் தயாரிப்பாளரோடு எழுந்த தகராறில் பெயர் மாறியது. கிளப்பில் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை, எல்லோரும் லேசர் என்றுதான் சொல்கிறார்கள். கனடாக்காரரான புரூஸ் கர்பி வரைந்தது. முகாம் போகிறவர்கள் காரின் மேல் கட்டிக்கொண்டு போக ஒரு படகு வேண்டும் என்று கேட்கப்போய்ப் பிறந்த வடிவம். 1971ல் விற்பனைக்கு வந்து, இன்றுவரை 2 லட்சத்துக்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது. 1996லிருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. டோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியாவுக்காக நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் போட்டியிட்டது இந்தப் படகில்தான். நேத்ராவுக்குச் சிறிய பாய், விஷ்ணுவுக்குப் பெரியது.

வாங்குவதற்கு இதைவிட எளிதான படகு கிடையாது. பழையது சில நூறு பவுண்டுக்கே கிடைக்கும். நல்ல சைக்கிளுக்கு இதைவிட அதிகம் கொடுக்கிறோம். ஒரே பாய், இரண்டு துண்டாக வரும் பாய்மரம், பக்கக் கம்பிகள் எதுவும் இல்லை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் தண்ணீரில் இருக்கலாம். படகின் உடல் மட்டும் 59 கிலோ. உங்கள் எடை 80 கிலோவுக்குப் பக்கத்தில் என்றால் பெரிய பாய், 60களில் என்றால் நடுத்தரப் பாய், சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் சிறியது. ஒரே படகில் மரத்தின் கீழ்த்துண்டையும் பாயையும் மாற்றினால் வீட்டில் மூன்று பேர் ஓட்டலாம். இது பெரிய வரம்.

ஆனால் லேசர் உடம்பை வருத்தும். காற்று ஏறினால் கால்களைப் பட்டையில் மாட்டிக்கொண்டு படகுக்கு வெளியே சாய்ந்து தொங்க வேண்டும். தொடை எரியும், மறுநாள் அலுவலகப் படிக்கட்டு மலை போலத் தெரியும். பாயின் அடிக்கட்டையான பூம் மிகத் தாழ்வாக இருப்பதால் திரும்பும்போது தலையைக் குனியாவிட்டால் பலமாக ஒன்று விழும். போதாததற்கு, பாயைக் கட்டுப்படுத்தும் கயிறு பின்மூலையில் போய்ச் சிக்கிக்கொள்ளும், அதுவும் போட்டிப் பாதையைக் குறிக்கும் முதல் மிதவையைச் சுற்றும் நேரம் பார்த்து. ஐம்பது வயதுக்கு மேல் முழங்கால் வலியோடு இதை ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டால் மரியாதையும் கொஞ்சம் பயமும் வருகிறது.

சோலோ

ஜாக் ஹோல்ட் 1950களின் நடுவில் வரைந்தது. பிரிட்டிஷ் கிளப் டிங்கிகளில் பாதிக்கு அவர்தான் அப்பா என்று சொன்னால் மிகையாக இருக்கும், ஆனாலும் ரொம்ப மிகையில்லை. 3.78 மீட்டர் நீளம், 70 கிலோ. பாயில் முழு நீளத்துக்குக் குறுக்குச் சட்டங்கள் இருப்பதால் பார்க்கக் கொஞ்சம் பழைய பாணி. லேசரோடு ஒப்பிட்டால் மெதுவானது, நிலையானது, உட்கார வசதியானது, தலைக்கு மேல் இடம் உண்டு. பாய்மரத்தின் வளைவு, பாயின் ஆழம் என்று மாற்றிப் பார்க்க நிறையக் கயிறுகள். லேசரில் ஒரே அளவுப் பாயை எடுத்த எல்லோருக்கும் ஒரே பாய், ஒரே மரம். சோலோவில் உங்கள் எடைக்குத் தக்க மரத்தையும் பாயையும் தேர்ந்தெடுக்கலாம். அதனால் 65 கிலோக்காரரும் 90 கிலோக்காரரும் உண்மையிலேயே சேர்ந்து போட்டி போட முடிகிறது.

நடுத்தர வயதுக்காரர்களின் படகு என்று கிண்டல் செய்வார்கள். கிண்டல் உண்மைதான், அதுதான் அதன் பலமும். சோலோக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் வேறு படகுக்குத் தாவுவதில்லை. ஒரு கிளப்பில் ஆறேழு சோலோ சேர்ந்துவிட்டால் அந்தக் கூட்டம் பல வருஷம் கலையாமல் நிற்கும். போட்டி முடிந்து கரைக்கு வந்ததும், எதிர்க்கரை மரங்களின் நிழலில் காற்று எப்படி மாறியது, யார் இடது பக்கம் போனார்கள் என்று அரை மணி நேரம் பேசுவார்கள். புதிதாக வந்தவருக்கு அதைவிட நல்ல வகுப்பு கிடையாது. கட்டணமும் இல்லை.

குறை என்றால் விலை. போட்டிக்குத் தகுந்த பழைய சோலோவுக்கு, அதே நிலையில் உள்ள லேசரைவிட நன்றாகவே அதிகம் கொடுக்க வேண்டியிருக்கும். பழைய மரப் படகு மலிவாகக் கிடைக்கும், ஆனால் குளிர்காலத்தில் வார்னிஷ் பூச ஆசையும் இடமும் வேண்டும்.

இருவர் ஓட்டும் படகுகள்

எண்டர்பிரைஸும் ஜாக் ஹோல்ட் வரைந்ததுதான். நியூஸ் கிரானிக்கிள் பத்திரிகையின் ஆதரவில் 1956ல் வந்தது. விளம்பரத்துக்காக ஜனவரிக் குளிரில் இரவோடு இரவாக இரண்டு படகுகளை ஆங்கிலக் கால்வாயைக் கடக்க வைத்தார்கள். நீலப் பாய்தான் அடையாளம். இந்தியாவிலும் ராணுவக் கிளப்புகள் வழியாக நன்கு பரவிய படகு இது. ஜி.பி.14 அதற்கும் மூத்தது, 1949. வேல்ஸில் அபர்டோவி ஊரில் தொடங்கியதால் பாயில் மணிச் சின்னம் இருக்கும். கனமானது, குழந்தையோடு சும்மா உலாவவும் ஏற்றது. இதில் ஸ்பின்னக்கர் என்ற பலூன் பாயும் உண்டு, எண்டர்பிரைஸில் இல்லை.

தண்ணீரில் இவற்றின் தரம் பற்றிச் சண்டை போடலாம், ஆனால் உண்மையான வித்தியாசம் சனிக்கிழமை இரவில்தான் தெரியும். லேசர்காரர் நிம்மதியாகத் தூங்குவார். எண்டர்பிரைஸ்காரர் “நாளைக்கு வருகிறாயா?” என்று நாலு பேருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருப்பார். முன்பாயைக் கவனிக்க ஆள் வராவிட்டால் அன்றைக்குப் படகு இறங்காது. பல கிளப்புகளில் ஒருவர் ஓட்டும் படகுகள் பெருகி, இருவர் படகுகள் புல்வெளியில் மூடிக் கிடப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

ஆனாலும் ஒரு கிளப் புது ஆட்களைப் பெறுவது இந்தப் படகுகள் வழியாகத்தான் என்பது என் எண்ணம். சொந்தப் படகு இல்லாதவர், பணம் செலவழிக்கலாமா என்று தயங்குகிறவர், பதின்மூன்று வயது மகள், எல்லோருக்கும் முன்னிருக்கையில் இடம் இருக்கிறது. கணவன் மனைவி சேர்ந்து ஓட்டலாமா என்று கேட்டால், ஓட்டலாம், ஆனால் தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் பேசிக்கொள்ளும் பேச்சு கரை வரைக்கும் கேட்கும் என்பது நினைவிருக்கட்டும்.

ஏரோ

2014ல் வந்தது. வரைந்த ஜோ ரிச்சர்ட்ஸ் 1984 ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர். உடல் 30 கிலோ, லேசரில் பாதி. டிராலியிலிருந்து தூக்கி வைக்கும்போதே முதுகு நன்றி சொல்லும். ஓட்ட அருமையான படகு, விலைதான் கசக்கும். உங்கள் கிளப்பில் ஏற்கெனவே நாலைந்து இருந்தால் யோசிக்கலாம். தனி ஏரோவாகப் போனால் வாரா வாரம் எல்லோருக்கும் முன்னால் தனியாக ஓட்டிவிட்டு, கணக்கில் ஐந்தாவதாக வருவீர்கள்.

கரையில் நடப்பது

சின்ன கிளப்பில் வேலைக்கு ஆள் வைப்பதில்லை. முறை போட்டு எல்லோரும் செய்வார்கள். வருஷத்தில் சில நாள் போட்டியை நடத்தும் பொறுப்பு உங்களுக்கு வரும்: தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது எச்சரிக்கைக் கொடி, நான்கில் தயார்க் கொடி, ஒன்றில் அதை இறக்குவது, அப்புறம் ஊதல். சில நாள் மீட்புப் படகில் உட்கார்ந்து கவிழ்ந்தவர்களை இழுத்து வருவது. சில நாள் சமையலறை. பன்றி இறைச்சி வைத்த பன் ரொட்டிதான் அங்கே தேசிய உணவு. சைவர்களுக்கு முட்டையோ சீஸோ கிடைக்கும். நம்மவர் யாராவது ஒரு தடவை சமோசா கொண்டுபோனால் அடுத்த முறையிலிருந்து அது எதிர்பார்ப்பாகிவிடும். கிளப்பின் தலைவரான கமடோரையும் எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நமக்கு முதலில் வாய் வராது, போகப் போகப் பழகிவிடும்.

தண்ணீரில் இரண்டு படகுகள் எதிரெதிரே வந்தால், வலப்பக்கமிருந்து காற்று வாங்குகிற படகுக்கு வழி விட வேண்டும். அதனால்தான் “ஸ்டார்போர்ட்!” என்ற கூச்சல் ஏரி முழுக்க எதிரொலிக்கும். தவறியவர் உடனே இரண்டு முழு வட்டம் அடித்து அபராதம் கட்டினால் விஷயம் முடிந்தது. கட்டாதவரைப் பற்றி மாதக்கணக்கில் பேசுவார்கள். கோடையில் புதன் மாலைப் போட்டி இதற்கெல்லாம் நல்ல இடம். வெளிச்சம் ஒன்பது மணி வரை இருக்கும், யாரும் புள்ளிகளைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, முடிந்ததும் பாரில் உட்கார்ந்துவிடுவார்கள். புதியவர்கள் ஞாயிறை விட்டுப் புதனில் தொடங்குவது நல்லது.

சரி, எதை வாங்குவது? முதல் பருவத்தில் எதையும் வாங்க வேண்டாம். எண்டர்பிரைஸ்காரர்களில் யாருக்கு ஆள் தேவை என்று கேட்டு முன்னிருக்கையில் உட்காருங்கள். அப்புறம் முழங்கால் நன்றாக இருக்கிறது, கையில் காசு குறைவு என்றால் லேசர். நாற்பதைத் தாண்டிவிட்டீர்கள், கிளப்பில் சோலோக் கூட்டம் இருக்கிறது என்றால் யோசிக்காமல் சோலோ. குடும்பத்தில் இன்னொருவர் உண்மையாகவே வாரா வாரம் வருவார் என்றால் மட்டும் இருவர் படகு. கிளப்பில் வேறு யாரிடமும் இல்லாத படகை, எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

பழைய லேசர் பார்க்கப் போகும்போது ஒரு குவளைத் தண்ணீர் கேளுங்கள். பாய்மரம் நிற்கும் குழியில் அதை ஊற்றிச் சிறிது நேரம் காத்திருங்கள். தண்ணீர் மட்டம் இறங்கினால் அது படகின் உடலுக்குள் கசிகிறது என்று அர்த்தம், விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் விலையைக் குறைக்கச் சொல்லலாம். மேல்தளத்தைக் காலால் அழுத்தியும் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் வேறு படகு தேடுங்கள், லேசருக்குப் பஞ்சமே இல்லை.