மாஸ்டர்ஸ் வாரத்து அகஸ்டா: மதியச் சாப்பாடு உள்ளே, இரவுச் சாப்பாடு தள்ளி

எந்த விளையாட்டு அரங்குக்குப் போனாலும் வயிற்றை வெளியிலேயே நிரப்பிக்கொண்டு உள்ளே நுழைவதுதான் வழக்கம். உள்ளே தண்ணீர் பாட்டில்கூட யானை விலை விற்கும். ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டாவில் ஏப்ரல் மாதம் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். உள்ளே சாண்ட்விச் ஒன்றரை டாலர். அதே நேரத்தில் வாசலுக்கு வெளியே வாஷிங்டன் ரோட்டில் மேசை கிடைக்கவே நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும். காலையும் மதியமும் உள்ளே சாப்பிடுங்கள், இரவுக்கு மட்டும் திட்டம் போடுங்கள். மதியம் வெளியே போய்ச் சாப்பிட்டுத் திரும்பலாம் என்று கிளம்புபவர்கள் ஆட்டத்தில் பாதியைக் கோட்டை விடுகிறார்கள்.

2025 நிலவரப்படி விலைகள் இவை. பிமென்டோ சீஸ் சாண்ட்விச், முட்டை சாலட் சாண்ட்விச் இரண்டும் தலா 1.50 டாலர். சிக்கன் சாண்ட்விச்சும் பன்றி இறைச்சி பார்பிக்யூவும் 3 டாலர். சிப்ஸ் 1.50, குளிர்பானம் 2, பீர் 6, பீச் பழ ஐஸ்கிரீம் சாண்ட்விச் 3. காலையில் சிக்கன் பிஸ்கட்டும் (இங்கே பிஸ்கட் என்பது பன் மாதிரி மென்மையான ரொட்டி) காபியும், மதியம் இரண்டு சாண்ட்விச், ஒரு சிப்ஸ், ஒரு குளிர்பானம், சாயங்காலம் ஒரு ஐஸ்கிரீம், ஒரு பீர் என்று நாள் முழுக்கச் சாப்பிட்டாலும் ஓர் ஆளுக்கு 20 டாலர் சில்லறைக்குள் முடிந்துவிடும். அமெரிக்காவில் வேறு எந்தப் பெரிய போட்டியிலும் இந்த விலைக்கு வயிறு நிறையாது.

வாசலிலேயே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மைதானத்துக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. பிடிபட்டால் வெளியே அனுப்பிவிடுவார்கள். எங்கே போனாலும் போனைத் தட்டிப் பணம் கட்டியே பழகியவர்கள் கவுன்டரில் நின்று கையைப் பிசைவது இதனால்தான். பிளாஸ்டிக் கார்டு சட்டைப்பையில் இருக்கட்டும். பீர் வேண்டுமென்றால் 21 வயது ஆனதற்கான அசல் அடையாள அட்டை வேண்டும். இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு அது பாஸ்போர்ட்தான். பானங்களும் குளிர்ப்பெட்டியும் வாசலைத் தாண்டாது, அவற்றை அறையிலோ காரிலோ விட்டுவிடுங்கள்.

கடை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும், ஆனால் நகர்வது வேகம். யாரும் நின்று ஆர்டர் எடுப்பதில்லை. ஆளுக்கொரு பாதையில் நடந்து, இரண்டு பக்கத்து அலமாரியிலிருந்தும் வேண்டியதை நீங்களே எடுத்துக்கொண்டு, கடைசியில் காசாளரிடம் காட்டிக் கட்டிவிட்டுப் போக வேண்டும். பீர்கூட முன்கூட்டியே கோப்பையில் ஊற்றித்தான் வைத்திருப்பார்கள். அலமாரி முன்னால் நின்று என்ன எடுக்கலாம் என்று யோசிப்பவர்தான் வரிசையின் ஒரே தடை. பட்டியலை வெளியே நிற்கும்போதே படித்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனி அந்தப் பேர்பெற்ற பிமென்டோ சீஸ். துருவிய செடார் சீஸ், மயோனைஸ், காரமே இல்லாத பிமென்டோ என்னும் சிவப்பு மிளகாயின் சின்னச் சின்னத் துண்டுகள் மூன்றையும் பிசைந்து, ஓரம் நீக்காத வெள்ளை ரொட்டிக்குள் வைத்த பண்டம். பச்சை நிற உறையில் வரும். கீழே விழுந்தாலும் தொலைக்காட்சியில் புல்லோடு புல்லாகத் தெரியட்டும் என்றுதான் அந்தப் பச்சை என்பார்கள். உறையைப் பிரித்ததும் ரொட்டி ஈரமும் மென்மையுமாகக் கையில் அமுங்கும். முதல் கடியில் உப்பும் வெண்ணெய்த்தன்மையும், பின்னால் மிளகாயின் லேசான இனிப்பு. காரம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சீஸ் மேலண்ணத்தில் ஒட்டும், உப்பு தாகத்தைக் கிளப்பும். பானம் இல்லாமல் இதை வாங்காதீர்கள். 2013-ல் தயாரிப்பு கைமாறியபோது பழைய ருசி போய்விட்டது என்று வழக்கமாக வருபவர்கள் மூக்கால் அழுதார்கள், அந்த முணுமுணுப்பு செய்தியாகவே வந்தது. ஒன்றரை டாலர் சாண்ட்விச்சுக்கு இவ்வளவு பக்தி கொஞ்சம் அதிகம்தான்.

உண்மையில் இரண்டில் தேறுவது முட்டை சாலட். வேகவைத்து மசித்த முட்டை, மயோனைஸ், மிளகு. இதில் உப்பு குறைவு, வயிற்றிலும் நிற்கும். ஆளுக்கு இரண்டு எடுப்பதானால் ஒன்று பிமென்டோ, ஒன்று முட்டை என்று எடுத்தால் அலுக்காது. சூடாக ஏதாவது வேண்டுமென்றால் சிக்கன் சாண்ட்விச். மாவு தோய்த்துப் பொரித்த துண்டு, கூட்டம் நிறைந்த நேரத்தில்தான் நன்றாக இருக்கும். அப்போது புதிதாக வந்துகொண்டே இருக்கும். கூட்டம் குறைந்த பின் எடுத்தால் உறைக்குள் வியர்த்து மேல்தோல் நமத்துப் போயிருக்கும். பார்பிக்யூ என்பது இங்கே பன்றி இறைச்சி. பன்றி தவிர்ப்பவர்கள் அதையும், ரை (rye) என்னும் தானிய ரொட்டியில் வரும் ஹாம் சாண்ட்விச்சையும் விட்டுவிட வேண்டும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு நிலைமை சுமார்தான். மயோனைஸில் முட்டை இருப்பதால் பிமென்டோவும் சுத்த சைவம் ஆகாது. முட்டையும் கூடாது என்றால் சிப்ஸ், வேர்க்கடலை, நறுக்கிய பழம், பாப்கார்ன் அளவில் நிற்க வேண்டியதுதான். அப்படிப்பட்டவர்கள் காலையில் அறையிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டு வருவது நல்லது.

மலிவாக இருக்கிறதே என்று பத்துப் பதினைந்து சாண்ட்விச் வாங்கிப் பையில் திணித்து வீட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கம் உண்டு. மயோனைஸும் முட்டையும் அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் தாங்காது. 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். அகஸ்டாவின் ஏப்ரல் மதிய வெயிலில், சட்டைப்பையில் கிடந்த முட்டை சாண்ட்விச் மறுநாள் ஆட்டத்தைப் பார்க்க விடாது. வேண்டியபோது வாங்கி அங்கேயே சாப்பிடுங்கள். பீச் ஐஸ்கிரீம் சாண்ட்விச்சுக்கு இது இன்னும் பொருந்தும். இரண்டு இனிப்பு பிஸ்கோத்துகளுக்கு நடுவே இருக்கும் ஐஸ்கிரீம் நடக்க நடக்க முழங்கைக்கு ஓடி வரும். இருக்கிற இனிப்புகளில் இதுதான் முதலிடம்.

பீர் விரும்பிகளுக்கு இங்கே மட்டும் கிடைக்கும் ஒன்று, க்ரோஸ் நெஸ்ட் என்ற கோதுமை பீர். கிளப் கட்டடத்தின் உச்சியில் அமெச்சூர் ஆட்டக்காரர்கள் தங்கும் அறையின் பெயர் அது. லேசான பீர், வெயிலுக்கு ஏற்றது. கோப்பையை எறியாதீர்கள். மாஸ்டர்ஸ் சின்னம் போட்ட பிளாஸ்டிக் கோப்பைகளை அடுக்கடுக்காக வீட்டுக்கு எடுத்துப்போவது இங்கே மரியாதைக் குறைவு அல்ல, கிட்டத்தட்ட சம்பிரதாயம். மது வேண்டாதவர்கள் ஐஸ் டீ எடுக்கலாம். ஆனால் வெளியே உணவகங்களில் டீ என்று மட்டும் கேட்டால் சர்க்கரைப் பாகுபோல இனிக்கும் குளிர்ந்த டீதான் வரும். இனிப்பு வேண்டாம் என்பதையும், சூடாக வேண்டும் என்பதையும் தனித்தனியே சொல்ல வேண்டும்.

எப்போது சாப்பிடுவது என்பதும் முக்கியம். 12-லிருந்து 1.30 வரை எல்லாக் கடையிலும் நெரிசல். 11 மணிக்கோ 2 மணிக்கோ போனால் நிம்மதி. தொலைக்காட்சியில் தெரியாத இன்னொரு விஷயம் மேடு பள்ளம். 10-ஆம் குழியின் பாதை மட்டும் ஏறக்குறைய 100 அடி கீழே இறங்குகிறது. அதற்கும் கீழே, 11, 12, 13-ஆம் குழிகள் சேரும் ஆமென் கார்னர் பக்கம் உட்காரப் போகிறவர்கள் இறங்குவதற்கு முன்பே வாங்கிக்கொள்வது நல்லது. இரண்டு கையிலும் கோப்பையோடு அந்த மேட்டில் ஏறி வருவது சுகமில்லை. மைதானத்தில் ஓடவும் கூடாது.

பெர்க்மன்ஸ் பிளேஸ், 2024-ல் வந்த மேப் அண்ட் ஃப்ளாக் போன்ற விருந்தோம்பல் இடங்களில் சாப்பாடு பிரமாதம். ஆனால் அவை ஆயிரக்கணக்கான டாலர் கட்டியோ அழைப்பின் பேரிலோ நுழையும் இடங்கள். யாராவது அழைத்தால் யோசிக்காமல் போங்கள், மற்றபடி அந்தப் பேச்சு வேண்டாம்.

இனி இரவுச் சாப்பாடு. ஆட்டம் சாயங்காலம் 7 மணிவாக்கில் முடியும். கூட்டம் முழுவதும் ஒரே சமயத்தில் வாஷிங்டன் ரோட்டில் கொட்டும். அந்த நேரத்தில் வாசலுக்குப் பக்கத்தில் உணவகம் தேடுவது முட்டாள்தனம். ஒன்று, 5 மணிக்கே வெளியேறிச் சாப்பிட வேண்டும். அல்லது 9 மணிக்கு மேல். திங்கள் முதல் புதன் வரை பயிற்சி ஆட்டம் என்பதால் முன்கூட்டிக் கிளம்புவதில் நஷ்டம் இல்லை. இறுதிச் சுற்று நடக்கும் ஞாயிறு அன்று அதைச் செய்யச் சொல்வது பாவம்.

வாஷிங்டன் ரோட்டிலேயே சாப்பிட்டாக வேண்டும் என்றால் டிபோன்ஸ் ஸ்டேக் கடை நல்ல தேர்வு. மாட்டிறைச்சிக்குப் பேர்போன இடம். ஆட்டக்காரர்களின் பையைச் சுமக்கும் கேடிகளும் (caddie) கோல்ஃப் வட்டாரத்து ஆட்களும் வந்து போவதால் கூட்டம் எப்போதும் உண்டு. மாட்டிறைச்சி தொடாதவர்களுக்கு அங்கே பெரிதாக வேலையில்லை. அதே சாலையில் ரைன்ஹார்ட்ஸ் கடல் உணவுக்கடை பந்தா இல்லாத இடம், சிப்பியும் இறாலும் பீரும்தான் சங்கதி. வைஃப்சேவர் உள்ளூர்க்காரர்களின் பொரித்த கோழிக் கடை. பொட்டலம் கட்டி வாங்கி அறைக்குக் கொண்டுபோக இதைவிட வேகமான வழி இல்லை, குழந்தைகளோடு வருபவர்களுக்கு இதுவே போதும்.

நாக்குக்குக் கொஞ்சம் உறைப்பு கேட்பவர்கள் சர்ரே சென்டரில் உள்ள ஃப்ரெஞ்ச் மார்க்கெட் கிரில்லுக்குப் போகலாம். லூசியானா பாணிச் சமையல். மிளகாயும் வெங்காயமும் குடமிளகாயும் வதக்கிச் செய்யும் அந்தக் குழம்புகள் சோற்றோடு வரும்போது நம் ஆட்களுக்கு உயிர் திரும்பி வரும். நகர மையத்தில் பிராட் தெருவில் 1949 முதல் நடக்கும் லூயிஜிஸ், கிரேக்க, இத்தாலியச் சாப்பாடு. இறைச்சி இல்லாத பாஸ்தாவும் சாலடும் கிடைப்பதால் சைவக்காரர்களை அழைத்துப் போக இதுதான் பாதுகாப்பான இடம். பன்றி பார்பிக்யூவை உண்மையாகவே ருசிக்க விரும்பினால் 1956 முதல் இருக்கும் ஸ்கோனியர்ஸ். வாரம் முழுக்கத் திறந்திருக்காது, போகும் முன் நாளைச் சரிபார்க்கவும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென் கரோலினா. அங்கே பார்பிக்யூ சாஸில் கடுகு தூக்கலாக இருக்கும்.

தென் மாநிலச் சமையலில் காய்கறி என்று எழுதியிருப்பதை நம்பி ஏமாறக் கூடாது. காலர்ட் கீரையைப் பன்றி எலும்பு போட்டு வேகவைப்பது வழக்கம். பீன்ஸில் பேக்கன் என்னும் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும், பிஸ்கட் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பவர்கள் உண்டு. பொரித்த வெண்டைக்காய் பார்க்க நம் வறுவல் மாதிரி இருந்தாலும், கோழி பொரித்த எண்ணெயிலேயே வந்திருக்கலாம். சைவமா என்று பொதுவாகக் கேட்டால் ஆமாம் என்று விடுவார்கள். எந்த எண்ணெய், எதன் சாற்றில் வெந்தது என்று குறிப்பாகக் கேளுங்கள்.

பில் வரும்போது டிப்ஸ் ஏற்கெனவே சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். பெரிய குழுவுக்கு அப்படிச் சேர்ப்பது வழக்கம், கவனிக்காமல் இரண்டு முறை கொடுப்பவர்கள் ஏராளம். சேர்க்கவில்லை என்றால் 18 முதல் 20 சதவீதம் வைப்பது முறை. விற்பனை வரி பட்டியல் விலைக்கு மேல் தனி. அந்த வாரத்துக்கென்று சில உணவகங்கள் தனிப் பட்டியல் போடும், முன்பதிவு செய்யும்போதே விலையைக் கேட்டுவிடுங்கள்.

அட்லாண்டாவிலிருந்து ஒரே நாளில் வந்து திரும்புபவர்களுக்கு: தூரம் சுமார் 145 மைல், நெரிசல் இல்லாவிட்டால் இரண்டேகால் மணி நேரம். வாஷிங்டன் ரோடு ஐ-20 நெடுஞ்சாலையின் 199-ஆம் வெளிவழி. ஆட்டம் முடிந்ததும் அங்கேதான் கார்கள் அசையாமல் நிற்கும். அகஸ்டாவில் சாப்பிட மெனக்கெடாமல் நேரே கிளம்பி, தாம்சன் அல்லது மேடிசனில் நிறுத்துங்கள். தோசை ஆசையோடு, இந்திய உணவகங்கள் உள்ள அட்லாண்டா பக்கத்து டெகேட்டூர் வரை வயிற்றைக் கட்டிக்கொண்டு ஓட்டினால், போய்ச் சேரும்போது அடுப்பை அணைத்திருப்பார்கள்.