திடீரென்று கிளம்பிய கொடைக்கானல் பயணம்: வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குச் சில தகவல்கள்

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வந்தால் எனக்கு வங்கி, பல் டாக்டர், சொந்தக்காரர் வீடு என்றே லீவு முடிந்துவிடும். இந்தமுறை என் பள்ளித்தோழி காலையிலேயே காரோடு வாசலில் வந்து நின்று, "ஒரு செட் துணி மட்டும் எடுத்துக்கடி, நாளைக்கு ராத்திரி கொண்டுவந்து விட்டுடறேன்" என்றாள். அவள் அம்மா இறந்தபோது கொரோனா நேரம், விமானமே இல்லை, என்னால் வர முடியவில்லை. அதற்கப்புறம் நாங்கள் தனியாக உட்கார்ந்து பேசவே இல்லை, அதனால் எங்கே என்றுகூடக் கேட்காமல் ஏறிவிட்டேன். மணப்பாறை தாண்டும்போதுதான் கொடைக்கானல் என்று முடிவானது.

ரூம் போடாமல், யாரையும் விசாரிக்காமல் இரண்டு பெண்கள் இப்படிப் போய் வரலாமா என்றால் தாராளமாகப் போகலாம். முன்பைவிட எத்தனையோ சுலபமாகிவிட்டது. ஒரே ஒரு விஷயம்தான் இன்னும் மாறவில்லை, அதைக் கீழே சொல்கிறேன்.

பொன்னம்பலப்பட்டி சுங்கச்சாவடியில் வண்டி நிற்கக்கூட இல்லை. தோழி ஃபாஸ்டேக்கில் (சுங்கக் கட்டணம் தானாகக் கழியும் ஸ்டிக்கர்) ஆண்டு பாஸ் போட்டிருக்கிறாள். 2025 ஆகஸ்ட் 15-இல் வந்த திட்டம் இது, சொந்தக் கார்களுக்கு மட்டும், ஒரு வருடம் அல்லது 200 பயணம், எது முதலில் முடிகிறதோ அதுவரை. பணம் கொடுக்க நான் என் சிங்கப்பூர் எண்ணிலேயே யுபிஐ வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் வாழ்கிறவர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால் சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, வளைகுடாவில் சில நாடுகள் என்று குறிப்பிட்ட நாட்டு எண்களுக்கு இது கிடைக்கும். ஊருக்கு வருவதற்கு முன்பே வங்கியில் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். டீக்கடையில் கார்டை நீட்ட முடியாது.

வத்தலக்குண்டில் டீ குடிக்க நிறுத்தியபோதுதான் இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, ஞாபகம் வந்தது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும். பெயர், வண்டி எண், எத்தனை பேர், என்றைக்குப் போய் என்றைக்குத் திரும்புகிறோம், அவ்வளவுதான் கேட்கிறார்கள். கட்டணம் கிடையாது. டீ ஆறுவதற்குள் பாஸ் வந்துவிட்டது. உள்ளூர் மொபைல் எண் இல்லாத வெளிநாட்டுக்காரர்கள் மின்னஞ்சல் கொடுத்துப் பதியலாம். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இது தேவையில்லை. 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4000, வார இறுதியில் 6000 வண்டி என்று உச்சவரம்பே வைத்தார்கள், அதனால் சீசனில் இப்படித் திடீரென்று கிளம்புவது சரிவராது. சிலருக்கு இது தொல்லையாகத் தெரிகிறது. அந்தக் குறுகலான மலைப்பாதையில் மே மாத நெரிசலில் சிக்கியவள் நான், எனக்கு இது வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

சோதனைச் சாவடியில் கியூஆர் கோடைப் பார்த்துவிட்டு பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று கேட்டார்கள். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் என்றால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்கள். எங்களுக்கு முன்னால் இருந்த வண்டியில் ஒரு பெரியவர் பட்டன் போன் வைத்துக்கொண்டு தவிக்க, அங்கே நின்ற பெண் ஊழியர் தன் போனிலேயே அவருக்குப் பாஸ் எடுத்துக் கொடுத்தார். அவருக்குப் பின்னால் வரிசை ஹாரன் அடித்தது, அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மனசார நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு விஷயம் இன்னும் மாறவில்லை என்றேனே, அது கழிப்பறை. திண்டுக்கல்லிலிருந்து மலை ஏறும்வரை நாங்கள் தண்ணீரை அளந்து அளந்துதான் குடித்தோம். ஒரு பெட்ரோல் பங்கில் பெண்கள் கழிப்பறை பூட்டிக் கிடந்தது, சாவி மேனேஜரிடம், மேனேஜர் சாப்பிடப் போயிருக்கிறார். இன்னொன்றில் திறந்திருந்தது, கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. காற்று, குடிநீர், கழிப்பறை மூன்றையும் பங்கில் இலவசமாகத் தர வேண்டும் என்பது விதி, பெட்ரோல் போடாவிட்டாலும் கேட்கலாம், கூச்சப்படாமல் கேளுங்கள். நாற்பது தாண்டிய பெண்களுக்கு, சர்க்கரை இருக்கிறவர்களுக்கு, சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. கொடைக்கானல் எவ்வளவு அழகு என்று சொல்லி எங்களை வரச்சொல்கிறவர்கள், வழியில் பத்து மைலுக்கு ஒரு நல்ல கழிப்பறை கட்டி, அதைக் கழுவ ஒரு ஆளை நியாயமான சம்பளத்துக்கு வைக்க வேண்டும்.

தங்கும் இடத்தில் ஒரு சிக்கல். என்னுடையது சிங்கப்பூர் பாஸ்போர்ட், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டையும் உண்டு. வெளிநாட்டு பாஸ்போர்ட்காரர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும், சி-படிவம் என்பார்கள். முதலில் போன காட்டேஜில் அதற்கான பதிவு இல்லை, பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் ரூம் இல்லை என்றார்கள். "கூட ஜென்ட்ஸ் யாரும் வரலையா" என்ற கேள்வி வேறு, தோழிதான் பதில் சொன்னாள், நல்லாவே சொன்னாள். அடுத்த விடுதியில் ரிசப்ஷன் பையன் பாஸ்போர்ட்டையும் ஓசிஐயையும் வாங்கி அங்கேயே பதிந்து சாவியைக் கொடுத்துவிட்டான். போனிலேயே "ஓசிஐ, சி-படிவம் போடுவீங்களா" என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது.

அன்றிரவு நாங்கள் தூங்கவே இல்லை. அம்மாவின் கடைசி வாரத்தைப் பற்றி அவள் முழுதாகச் சொல்லி முடிக்க விடிந்துவிட்டது.

காலையில் பூம்பாறை. படிப்படியாக இறங்கும் வயல்கள், குழந்தை வேலப்பர் கோயில், வழியெல்லாம் மலைப்பூண்டு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது, ரோட்டோரத்தில் விற்கிற அம்மாக்களிடமே வாங்கலாம். மன்னவனூர் பக்கம் போனால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வருகிறது, யுபிஐயை நம்ப வேண்டாம், கையில் சில்லறை நோட்டு இருக்கட்டும்.

இறங்கும்போது டயர் பஞ்சர். வத்தலக்குண்டில் ஒரு கடைக்காரர் டயரைக் கழற்றாமலேயே அடைத்து, மற்ற மூன்றுக்கும் காற்றுப் பார்த்து, ஸ்டெப்னியையும் தட்டிப்பார்த்து 150 ரூபாய் வாங்கினார்.

அடுத்த லீவுக்கு வால்பாறை என்று தோழி இப்போதே சொல்லிவிட்டாள். அதற்கும் 2025 நவம்பரிலிருந்து இ-பாஸ் உண்டு, போகிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.