அரசு மருத்துவமனை முதியோர் வார்டு: இரவுப் பணிச் செவிலியர் ஒருவரின் சேவை குறித்து

எண்பது வயதைக் கடந்த என் தந்தை நிமோனியாவுக்காக எங்கள் மாவட்டத்து அரசு மருத்துவமனையின் முதியோர் வார்டில் சேர்க்கப்பட்டிருந்தார். அங்கே கிடைத்த சேவையைப் பற்றி எழுதுவதென்றால் மருந்து, படுக்கை, சாப்பாடு எல்லாவற்றுக்கும் முன்னால் இரவுப் பணியில் இருந்த ஒரு செவிலியரைப் பற்றித்தான் எழுத வேண்டும். பெயரை வெளியே போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே தவிர்க்கிறேன்.

அப்பா ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். காய்ச்சல் ஏறிய ஓர் இரவில் திடுக்கிட்டு எழுந்து, வண்டி வருகிறது, கேட்டைச் சாத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டே கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்ஸைப் பிடுங்கப் பார்த்தார். நோய்த்தொற்றாலோ நீரிழப்பாலோ முதியவர்களுக்கு வரும் இந்தத் திடீர் மனக்குழப்பத்தை, புத்தி பேதலித்துவிட்டது என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். முன்பு வேறொரு மருத்துவமனையில் இதே நிலையில் அவருடைய கைகளைக் கட்டில் கம்பியோடு கட்டிப் போட்டார்கள். இந்தச் செவிலியரோ முதலில் விளக்கைப் போட்டார், மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டார், காது கேட்கும் கருவியைப் பொருத்தச் சொல்லிவிட்டு, அப்பாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "கேட்டை இன்னைக்கு வேற ஆள் பாத்துக்கிறாங்கய்யா. நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க, உங்க பையன் பக்கத்துலயே இருக்காரு" என்றார். அத்துடன் நிற்காமல் அடிவயிற்றை மெல்லத் தொட்டுப் பார்த்து, சிறுநீர் கட்டியிருப்பதாகச் சொல்லிப் பணி மருத்துவரை அழைத்தார். சிறுநீர் வெளியேற்றப்பட்ட சற்று நேரத்தில் அப்பா தூங்கிவிட்டார். அவருக்குச் சொல்லத் தெரியாத வலிதான் அந்தப் பதற்றத்தைக் கூட்டியிருந்தது.

இதைக் கனிவு என்ற ஒரு சொல்லால் மட்டும் பாராட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அடிவயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அந்த நேரத்தில் தோன்றுவதற்குப் படிப்பும் வேண்டும், கிழவர் ஏதோ உளறுகிறார் என்று ஒதுக்காத மனமும் வேண்டும். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதும், ஒவ்வொரு முறையும் குதிகாலையும் இடுப்பின் பின்புறத்தையும் டார்ச் அடித்துப் பார்ப்பதும், கஞ்சி புரையேறி நுரையீரலுக்குள் போகாதபடி நிமிர்த்தி உட்கார வைத்தே ஊட்டும்படி எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவருடைய வழக்கமான வேலைகள். துணைக்கு யாருமில்லாத ஒரு தாத்தாவுக்கும் இவை எதுவும் குறையவில்லை. உடை மாற்றும்போது சுற்றித் திரை இழுத்துவிட்டு, "மாத்திவிடட்டுமா ஐயா?" என்று கேட்ட பிறகே அவர் மேல் கை வைப்பார்.

குறைகளும் உண்டு. இரவில் வார்டு முழுவதற்கும் அவர் ஒருவரே செவிலியர். அவசரமாக ஒரு நோயாளியைப் பார்க்கப் போனால் மற்றவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும். கழிப்பறை தொலைவில் இருக்கிறது, சுவரில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி கிடையாது. முதியோருக்கென்றே அமைத்த வார்டில் இதை ஏற்க முடியாது.

முதியோர் மருத்துவம் தமிழகத்துக்குப் புதிதன்று. சென்னை அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ். நடராஜன் 1978-லேயே முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார். 2024-ல் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. கட்டடங்களும் துறைகளும் பெருகியது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அந்தப் படுக்கைகளின் அருகில் இரவெல்லாம் நிற்பவர்களின் பணி, நோயாளி நலமாகி வீடு திரும்பியதும் யார் நினைவிலும் தங்காமல் போகிறது. செவிலியருக்கான தேசிய புளோரன்ஸ் நைட்டிங்கேல் விருதை மத்திய அரசு 1973 முதல் வழங்கிவருகிறது. சிறந்த செவிலியர் என்று ஒருவரைப் பரிந்துரைக்கும்போது, முதியோர் வார்டில் பணியாற்றுபவர்களையும் அதிகாரிகள் தேடிப் பார்க்க வேண்டும். அறுவைச் சிகிச்சை அரங்கிலோ தீவிர சிகிச்சைப் பிரிவிலோ நடப்பதைப் போல இங்கே நடப்பது கண்ணில் படாது: புண் வராததும், கீழே விழாததும், புரையேறாததும் எந்தப் பதிவேட்டிலும் சாதனையாக ஏறுவதில்லை.

வீடு திரும்பும் நாளில் ஒரு இனிப்புப் பெட்டியை நீட்டியபோது அவர் வாங்கவில்லை. அதனால் கண்காணிப்பாளருக்குக் கடிதம் எழுதினேன். "நன்றாகக் கவனித்துக்கொண்டார்" என்று பொதுவாக எழுதாமல், அவருடைய பெயர், தேதி, அந்த இரவில் அவர் கவனித்தது, செய்தது ஆகிய அனைத்தையும் வரிசையாகக் குறிப்பிட்டு, கடிதத்தின் நகலை அவருடைய பணிக் கோப்பில் சேர்க்கவும், அடுத்த மே 12 செவிலியர் தினத்தில் அவரைப் பாராட்டவும், இரவுப் பணிக்கு இன்னொரு செவிலியரை நியமிக்கவும் கேட்டிருக்கிறேன். அந்த வார்டில் சிகிச்சை பெற்ற மற்ற குடும்பத்தினரும் தாங்கள் கண்டதை இதேபோல் எழுதிக் கொடுக்கும்படி வேண்டுகிறேன்.