வடிகால் இல்லாத மழை உறை: ஒரு பைக் பையும் யாழ்ப்பாணத்தில் நான்கு நாளும்

போன வாரம் சித்தப்பா மகன் போன் பண்ணினான். "அண்ணே, யாழ்ப்பாணம் போறப்ப வண்டிக்குப் பின்னாடி கட்டுறதுக்கு ஒரு பை வாங்கினியே, அது இப்ப வெல எறங்கியிருக்கு. வாங்கலாமா?"

அவன் கேட்ட நேரம், நான் கும்பகோணம் பாலக்கரைப் பக்கம் பை தைக்கிறவர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர் மடியில் கிடந்தது அதே பைதான். ஜிப் ரன்னர் தேய்ந்து, இழுத்தால் பின்னாலேயே வாயைத் திறந்துகொண்டு வந்தது. "அப்பறம் பேசுறேன்டா" என்று வைத்துவிட்டேன். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எத்தனை லிட்டர், எத்தனை அறை என்பதெல்லாம் விற்கிற இடத்திலேயே போட்டிருக்கும். கம்பெனி பெயரையும் விட்டுவிடுகிறேன். நான் சொல்லப்போகிற குறையை வேறு இரண்டு கம்பெனிப் பைகளிலும் பார்த்துவிட்டேன்.

இந்தப் பையை வாங்கியது 2023 அக்டோபரில். அந்த மாதம் 14ஆம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். கடல் வழியே ஏறத்தாழ 110 கிலோமீட்டர்தான். நீடாமங்கலத்திலிருந்து சென்னைக்குப் போகிற தூரத்தில் பாதிகூட இல்லை. ஆனால் கப்பலில் ஆள் மட்டும்தான் போகலாம், வண்டியை ஏற்ற முடியாது. அங்கே போய் வாடகைக்கு எடுக்க வேண்டும். எந்த வண்டி கிடைக்குமோ தெரியாது, எந்த வண்டியிலும் கட்டுகிற மாதிரி ஒரு பை வேண்டும் என்றுதான் 3,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கூடவே ஆர்.டி.ஓ. ஆபீஸில் 1,000 ரூபாய் கட்டி சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் எடுத்தேன். அதற்கு ஆயுள் ஒரு வருடம். எடுத்து வைத்தேன், ஒரு வாரத்துக்குள் கப்பலை நிறுத்திவிட்டார்கள். வடகிழக்குப் பருவமழை வருகிற நேரம், கடல் ஒத்துக்கொள்ளாது. மறுபடி 2024 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான் 'சிவகங்கை' என்ற கப்பல் கிளம்பியது. எனக்கு லீவு கிடைத்து நான் ஏறியபோது அனுமதி முடியப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி.

தம்பி, நீ போவதாக இருந்தால் இதைக் கவனித்துக்கொள். பயணத் தேதி உறுதியான பிறகு அந்த அனுமதியை எடு. கியர் உள்ள மோட்டார் சைக்கிள் என்ற பிரிவு அதில் பதிந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பார். இலங்கையில் அது மட்டும் போதாது, அவர்கள் நாட்டு ஒப்புதலும் தனியாக வேண்டும். நான் போனபோது கொழும்பில் இருக்கிற ஆட்டோமொபைல் சங்கம் அதைக் கொடுத்தது. நீ இறங்குவதோ வடக்குக் கோடியில். வண்டி வாடகைக்குத் தருகிறவரிடம் முன்கூட்டியே பேசி, நகல்களை அனுப்பி, வாங்கி வைக்கச் சொல்லிவிடு. நான் அப்படித்தான் செய்தேன்.

2020 மார்ச்சிலிருந்து அந்த நாட்டில் வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்தார்கள். 2025 தொடக்கத்தில்தான் தளர்த்தினார்கள். அதனால் நான் போனபோது வாடகைக்குக் கிடைத்ததெல்லாம் பழைய வண்டி. எனக்கு வந்தது நம்மூர்க் கம்பெனி 150 சி.சி. வண்டி, பின்னால் கேரியர் கிடையாது. கூட வந்த மச்சானுக்கு ஸ்கூட்டர். இந்த இடத்தில்தான் பை என் மனதைப் பிடித்தது. சீட்டைக் கழற்றி, அடியில் இருக்கிற நாலு பட்டையையும் சட்டத்தில் மாட்டி, சீட்டை மேலே வைத்து அழுத்தி, பையைக் கொக்கியில் இழுத்துக் கட்டினால் வேலை முடிந்தது. மொத்தம் ஐந்து நிமிடம். நாலு நாளில் ஒரு விரல்கடை நகரவில்லை. ஊருக்கு வந்த பிறகு என் ஸ்ப்ளெண்டரிலும் அப்படியே உட்கார்ந்தது. குடவாசல் ரோட்டுப் பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் அது பாட்டுக்கு இருக்கும். கட்டுமானத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

ஊர் பார்க்கிற திட்டம் சுலபம். யாழ்ப்பாணம் டவுனில் அறை எடுத்துக்கொண்டு தினம் ஒரு திசை போய்த் திரும்பலாம். பருத்தித்துறை, ஆனையிறவு, கீரிமலை, தீவுகள் என்று எந்தப் பக்கம் போனாலும் ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். மேடே இல்லாத பூமி, நம்மைப் போலவே. ஆனால் ஒரு மணி நேரம் ஓட்டியதும் எனக்கு ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. யோசித்தேன், பாலம்! நமக்கு இரண்டு மைல் போனால் ஒரு ஆறு வரும், ஏறி இறங்க ஒரு பாலம் வரும். அங்கே மழைக்காலத்தில் ஓடுகிற வழுக்கியாற்றைத் தவிர ஆறென்று ஒன்று கிடையாது. கீழே முழுக்கச் சுண்ணாம்புக் கல், விவசாயம் அத்தனையும் கிணற்றுத் தண்ணீரில். வெங்காயமும் புகையிலையும் போடுகிற செம்மண் தோட்டத்தைப் பார்த்தபோது, தண்ணீரை அவர்கள் எவ்வளவு எண்ணி எண்ணிச் செலவழிக்கிறார்கள் என்று தெரிந்தது. மேட்டூர் திறந்தார்களா, கடைமடைக்கு வந்ததா என்று பேசியே வளர்ந்தவன் நான். அந்தக் கிணறுகளை வெகுநேரம் நின்று பார்த்தேன்.

நூலகத்துக்கும் போனேன். 1981இல் எரித்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வெள்ளைக் கட்டடத்தைத் திரும்ப எழுப்பிவிட்டார்கள். மச்சானும் நானும் வாசலில் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைக்குப் போனோம், நயினாதீவு நாகபூஷணி அம்மனைப் பார்க்க. புங்குடுதீவுக்குப் போகிற ரோட்டில் இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒற்றை ரோடு. தூறல் விழுந்ததால் பையோடு வந்த மழை உறையை அதற்கு மாட்டியிருந்தேன். காற்று அதற்குள் புகுந்து பாய் மாதிரி உப்பிக்கொண்டது. எதிரே சைக்கிளில் வந்த ஒரு ஐயா, "தம்பி, உங்கட பையின்ர சீலை பறக்குது" என்று கத்தினார். நிறுத்துவதற்குள் அது பிய்த்துக்கொண்டு போய் ஆழமில்லாத தண்ணீரில் விழுந்தது. மச்சான் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி எடுத்து வந்தான். அன்றைக்கு நான் கோபப்படவில்லை. கடல் காற்று, எந்த உறையும் பறக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நடந்ததைத்தான் இன்று வரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எங்கள் அப்பா தவில் கேட்டு வளர்ந்தவர். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் ஊர்க்காரர் என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. வாலிபத்தில் அவர் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலை ஒரு கோயில் திருவிழாவில் விடிய விடிய நின்று கேட்டிருக்கிறார். 1975இல் தெட்சணாமூர்த்தி காலமான செய்தி வந்தபோது அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்வாள். நான் கிளம்பும்போது அப்பா கேட்டது ஒன்றுதான். "அவர் இருந்த அளவெட்டிய பாத்துட்டு வா."

போனேன். தெட்சணாமூர்த்தி வாழ்ந்த ஊர், நாதஸ்வரம் பத்மநாதனின் ஊர். கும்பிழாவளைப் பிள்ளையார் கோயில் பக்கம் ஒரு பெரியவரிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். வீட்டுக்குக் கூட்டிப் போய்த் தேத்தண்ணி கொடுத்து, உள்ளே போய் ஒரு பழைய கும்பாபிஷேக மலரை எடுத்து வந்தார். நடுப்பக்கத்தில் மேளக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிற படம். "என்னட்ட இன்னொண்டு இருக்கு. இதை உங்கட அப்பாட்டக் குடுங்கோ" என்றார். காசு கொடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. முதல் துளி விழுந்ததுமே நிறுத்தி உறையை மாட்டினேன். முந்தின நாள் பறந்ததால் மேலே கயிறும் போட்டேன். அறைக்கு வந்து உறையைக் கழற்றினால், அடியில் ஒரு சொம்புத் தண்ணீர் நிற்கிறது. பை அதற்குள் குளித்துக்கொண்டு வந்திருக்கிறது. மேல்பக்கம் காய்ந்திருந்தது, அடித்தையல் வழியாகத் தண்ணீர் உறிஞ்சி ஏறியிருந்தது. மலர் அடியில் இருந்தது, மடங்கக் கூடாதே என்று நான்தான் அடியில் வைத்தேன். அப்பா அதை மின்விசிறிக்குக் கீழே வைத்து இரண்டு நாள் பக்கம் பக்கமாகப் பிரித்தார். நடுப்பக்கம் மட்டும் பிரியவில்லை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தண்ணீர் எப்படிப் போனது என்று ஊருக்கு வந்து, ஸ்ப்ளெண்டரில் கட்டி, குழாய்த் தண்ணீர் பிடித்து அடித்துப் பார்த்தேன். ஓட்டுகிறவன் முதுகில் வழிகிற மழை நேரே பையின் முன்பக்கத்துக்குத்தான் வருகிறது. உறையின் முன்வாய் அங்கேதான் இருக்கிறது. எலாஸ்டிக் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் பட்டை போகிற இடத்தில் இடைவெளி விழும், கொஞ்சம் உள்ளே போகும். அது குற்றமில்லை. போன தண்ணீர் வெளியே வர வழி வைக்கவில்லை பார், அதுதான் குற்றம். உறையின் அடிப்பாகம் கிண்ணம் மாதிரி, ஒரு ஓட்டை கிடையாது.

பாய்ச்சலுக்கு வாய்க்கால் வெட்டுகிறவன் வடிகாலையும் சேர்த்து வெட்டுவான், இதைக் கடைமடையில் சின்னப் பிள்ளையும் சொல்லும். அடப்பாறும் அரிச்சந்திரா நதியும் பாசனத்துக்கும் ஓடுகின்றன, மழைநாளில் மேல்வயல் தண்ணீரை வடித்துக் கடலுக்கும் கொண்டுபோகின்றன. வடியாத வயலில் பயிர் அழுகும். நடவு வயலில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் முதுகில் எவ்வளவு மழை பெய்தாலும் வழிந்து கீழே போய்விடுகிறது, எங்கேயும் தேங்குவதில்லை. ஒரு யூரியாச் சாக்குக்குத் தெரிந்தது 3,200 ரூபாய்ப் பையைச் செய்தவர்களுக்குத் தெரியவில்லை. கம்பெனிக்குப் படத்தோடு எழுதினேன். "இது மழையைத் தாங்கும் உறை, நீர் புகாத உறை அல்ல" என்று பதில் வந்தது. நான் கேட்டது ஓட்டையைப் பற்றி. அதற்குப் பதிலே இல்லை.

அதன் பிறகு மழை உறையை நம்புவதை விட்டுவிட்டேன். பைக்கு உள்ளே தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றைப் போட்டு, சாமானை அதற்குள் வைத்து, வாயைத் திருகிக் கட்டிவிடுவேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் மழையில் தங்கை கல்யாணப் பத்திரிகை நானூறையும் கும்பகோணத்திலிருந்து இப்படித்தான் கொண்டுவந்தேன். வெளியே பை சொதசொதவென்று ஊறிப்போனது, உள்ளே ஒரு பத்திரிகையின் மூலை நனையவில்லை. வெற்றிலை, விதை உளுந்து, அப்பாவின் மருந்து என்று வாரத்தில் மூன்று நாள் அந்தப் பை ஓடுகிறது. பட்டை ஒன்று அறுந்ததில்லை, கொக்கி ஒன்று உடைந்ததில்லை. உறையின் உள்பூச்சுதான் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் பிசுபிசுத்து, கெண்டைச் செதில் மாதிரி உதிர ஆரம்பித்துவிட்டது. ஒருவர் மட்டும் போகிற வண்டிக்குத்தான் இது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்சீட்டை அது எடுத்துக்கொள்ளும், வீட்டில் ஆளைக் கூட்டிப் போக முடியாது.

பாலக்கரைக்காரர் ஜிப்பைப் பார்த்துவிட்டு, "பல்லு நல்லாருக்கு, ரன்னர்தான் போச்சு" என்றார். உப்புக்காற்றும் புழுதியும் சேர்ந்து தேய்த்திருக்கிறது. இரண்டு ரன்னரும் மாற்ற 120 ரூபாய். உறையை எடுத்துக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அடிமூலை இரண்டிலும் தோல் துண்டு வைத்துத் தைத்து, துளை போட்டு, பித்தளை வளையம் அடித்தார். அதற்கு 20 ரூபாய். வீட்டுக்கு வந்து தண்ணீர் பிடித்துப் பார்த்தேன். போன தண்ணீர் இரண்டு மூலையிலும் நூலாக இறங்கி ஓடிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இல்லை, கோபம்தான் வந்தது. 20 ரூபாய் வேலையடா தம்பி. அதை அவர்கள் செய்திருந்தால் நடுப்பக்கம் பிரிந்திருக்கும்.

அதனால் வாங்காதே. விலை இன்னும் ஆயிரம் இறங்கினாலும் வாங்காதே. அந்த உறையை அப்படியே விற்கிற வரைக்கும் அவர்களுக்கு நம் காசு போக வேண்டாம்.

நீ போகிற அந்த நாலு நாளைக்கு என்னுடையதை எடுத்துக்கொண்டு போ. ரன்னர் புதிது, உள்பையும் அதிலேயே மடித்து வைத்திருக்கிறேன். பருத்தித்துறை தட்டை வடை இரண்டு பொட்டலம் வாங்கி வா. முடிந்தால் அளவெட்டிக்கும் ஒரு நடை போ. அந்தப் பெரியவர் வீடு கோயிலுக்குப் பின்னால், கிணற்றடியில் மாதுளை நிற்கும். அவரிடம் இருக்கிற இன்னொரு பிரதியின் நடுப்பக்கத்தை மட்டும் போனில் தெளிவாகப் படம் பிடித்துக்கொண்டு வா, அப்பாவிடம் காட்டலாம்.